என் பெயர் ஒட்டிய குப்பி

பள்ளிப் பிள்ளைகளை முப்பது வருடம் அதட்டிய அதே கம்பீரக் குரலால் இந்த மன்றத்தையும் கட்டி மேய்க்கும் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை திருமதி லோகேஸ்வரி அம்மையார் அவர்களே! ஒலிபெருக்கி முதல் உளுந்து வடை வரை ஒன்றும் குறையாமல் ஓடி ஓடிப் பார்த்துக்கொள்ளும் செயலாளர், தம்பி செல்வகுமார் அவர்களே! கிள்ளானிலிருந்து ரயிலேறியும், சுங்கை பூலோவிலிருந்து காரேறியும், இந்த பிரிக்பீல்ட்ஸில் பார்க்கிங் தேடித் தேடித் தலைசுற்றியும் வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே! கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு முதல் வரிசையை விடக் கூர்மையாகக் கவனிக்கும் தாய்மார்களே! பேச்சு எப்போது முடியும், சாப்பாடு எப்போது திறக்கும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர் பெருமக்களே! உங்கள் அத்தனை பேருக்கும் சொக்கலிங்கத்தின் தலை தாழ்ந்த வணக்கம்.

தலை தாழ்ந்த வணக்கம் என்று மேடையில் எல்லோரும் சொல்வோம். நானும் நாற்பது வருடமாகச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது தலை நிமிர்ந்துதான் இருக்கும். இன்றைக்குத்தான் உண்மையிலேயே தலையைத் தாழ்த்திக்கொண்டு சொல்கிறேன்.

என் முதுகுக்குப் பின்னால் பாருங்கள், பத்தடிப் பதாகை. அதில் என் படம், எட்டு வருடத்துக்கு முந்தைய படம், முடியெல்லாம் கருப்பாக இருக்கிறது. அதற்குக் கீழே "விழிப்புணர்வு வீரர்" என்று எழுதியிருக்கிறது. குடல் பரிசோதனைக்கு அஞ்சாமல் முன்வந்த முதல் உறுப்பினராம் நான். அதற்காகப் பொன்னாடையாம், பாராட்டாம், மலர்மாலையாம்! தம்பி செல்வகுமார், கோபித்துக்கொள்ளாதே. நீ கையில் வைத்திருக்கும் அந்தப் பொன்னாடையை மடித்துப் பையில் போடு. ஆமாம்ப்பா, உள்ளே போடு. எனக்கு வேண்டாம். ஏன் வேண்டாம் என்று சொல்வதற்குத்தான் இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

என்ன அண்ணே, சிரிக்கிறீங்க? அடக்கமாகப் பேசுகிறான் என்று நினைக்கிறீர்களா? அடக்கம் இல்லை அண்ணே. அசிங்கம். நான் செய்த அசிங்கத்தைச் சொல்லப் போகிறேன். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், வீரனா விளங்காதவனா என்று.

இந்த வருடத் தொடக்கத்தில், தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, இதே மண்டபத்தில் ஒரு முகாம் நடந்தது. மறந்திருக்க மாட்டீர்கள். கிளினிக்கிலிருந்து தாதி மலர்விழி வந்து மேசை போட்டு உட்கார்ந்தார். மேசை மேல் சின்னச் சின்னக் குப்பிகள். ஒவ்வொரு குப்பிக்குள்ளும் ஒரு குச்சி. வீட்டுக்குக் கொண்டுபோய், காலைக்கடன் கழிக்கும்போது, அந்தக் குச்சியால் மலத்தில் நாலு இடத்தில் குத்தி, குப்பிக்குள் போட்டு மூடி, பெயரும் ஐசி என்கிற அடையாள அட்டை எண்ணும் எழுதி ஒட்டி, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் கலந்திருந்தால் சோதனையில் தெரிந்துவிடும். அவ்வளவுதான் வேலை.

ஆனால் வந்தவர்களில் ஒருவராவது கையை நீட்டினார்களா? இல்லை! எல்லோரும் தரையைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள், கைப்பேசியைப் பார்த்தார்கள். அப்போது எழுந்தான் இந்தச் சொக்கலிங்கம். எப்படி முழங்கினேன்! "வெட்கத்தை விடுங்கள், உயிரைப் பிடியுங்கள்! குடலுக்குள் கொள்ளி இருக்கும்போது கூச்சம் எதற்கு? கூச்சப்பட்டுக் கூச்சப்பட்டுக் குடும்பத்தைக் கூண்டோடு அழ வைக்கப் போகிறீர்களா?" என்று கேட்டேன். கைதட்டினீர்கள். விசில் கூட அடித்தீர்கள். ஐந்தே நிமிடத்தில் மேசைக்கு முன்னால் வரிசை வாசல் வரைக்கும் போய்விட்டது.

குப்பிகள் மொத்தமே அறுபத்து நான்கு. ஆட்கள் அதைவிட அதிகம். அப்போது யாருடைய வாயிலிருந்து அந்த அறிவிப்பு வந்தது? என் வாயிலிருந்துதான். "வீட்டுக்கு ஒன்று! குடும்பத் தலைவர் பெயரில் ஒன்று!" என்றேன். தீபாவளிக்கு அரிசிப் பை கொடுத்தாலும் வீட்டுக்கு ஒன்று, பொங்கலுக்குக் கரும்பு கொடுத்தாலும் வீட்டுக்கு ஒன்று, அந்தப் பழக்கத்திலேயே சொல்லிவிட்டேன். மலர்விழி என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆளுக்கு ஒண்ணு அங்கிள், வீட்டுக்கு ஒண்ணு இல்ல" என்று மெதுவாகச் சொன்னார். "அதெல்லாம் பார்த்துக்கலாம்லா, எல்லாருக்கும் போய்ச் சேரணும்ல" என்று கைகாட்டி அமர்த்திவிட்டேன். கடைசிக் குப்பியை என் கையில் கொடுத்துப் படம் பிடித்தார்கள்.

வீட்டுக்குப் போனேன். கிள்ளானில், என் வீட்டுக் குளியலறை அலமாரியில் அந்தக் குப்பியை வைத்தேன். வைத்த கையோடுதான் ஞாபகம் வருகிறது, நான் விரதத்தில் இருக்கிறேன்! பத்துமலைக்குக் காவடி எடுக்க மாலை போட்டிருக்கிறேன். காலையும் மாலையும் குளியல், ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை. இந்தக் கையால் அதைத் தொடுவதா? முருகனுக்குப் பால் சுமக்கப் போகிற கையால் மலத்தைக் குத்துவதா? ஐயோ, மனசு ஒப்பவே இல்லை. திங்கட்கிழமை போனது, புதன்கிழமை போனது, வெள்ளிக்கிழமையும் போய்விட்டது. சனிக்கிழமை காலையில் என் மனைவி புஷ்பவல்லியைக் கூப்பிட்டேன்.

"புஷ்பா, நாளைக்கு இந்தக் குப்பியைக் கொடுக்கணும். நான் கொடுக்கலன்னா மானம் போயிடும். நீயே ஒண்ணு எடுத்துப் போட்டுடு."

"நானா? உங்க பேர்லயா?"

"ஆமா. ஒரே அடுப்பு, ஒரே சமையல். நீ சாப்பிடறதைத்தான் நானும் சாப்பிடறேன். உனக்கு ஒண்ணும் இல்லன்னா எனக்கும் ஒண்ணும் இல்ல."

சிரிக்காதீர்கள் ஐயா. அறிவியல் பட்டிமன்றத்துக்கு நடுவராக உட்கார்ந்தவன் பேசிய பேச்சு இது. அவளும் சரிங்க என்றாள். ஞாயிற்றுக்கிழமை நான் அந்தக் குப்பியை வெற்றிப் பதக்கம் மாதிரித் தூக்கிக் காட்டிவிட்டுக் கொடுத்தேன். மறுபடியும் கைதட்டினீர்கள்.

தைப்பூசம் வந்தது. நான் காவடியோடு படியேறினேன். புஷ்பா பின்னால் பால்குடத்தோடு வந்தாள். வருடா வருடம் எனக்கு முன்னால் ஏறிப் போய் மேலே நின்று கூப்பிடுகிறவள், இந்த வருடம் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்குகிறது, உதடெல்லாம் வெளுத்திருக்கிறது. யாரோ ஒரு பெண் தண்ணீர் கொடுத்து விசிறிக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன நினைத்தேன் தெரியுமா? விரதம் ஒழுங்காக இருந்திருக்க மாட்டாள் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் மலர்விழி அழைத்தார். "அங்கிள், அறுபத்து நாலு குப்பியில மூணுல ரத்தம் இருக்கு. அதுல ஒண்ணு உங்களோடது. பயப்படாதீங்க. பெரிய ஆஸ்பத்திரியில கேமரா விட்டுப் பார்க்கத் தேதி வாங்கித் தர்றேன்."

அலாமாக்! கைப்பேசி கையிலிருந்து நழுவிக் குழம்புச் சட்டி பக்கத்தில் விழுந்தது. புஷ்பா எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் எதுவும் சொல்லாமலே அவளுக்கு விளங்கிவிட்டது.

"அப்போ அது எனக்குத்தானேங்க?" என்றாள்.

அந்த இடத்தில், அந்த நொடியில், ஒரு மனிதன் என்ன செய்திருக்க வேண்டும்? மலர்விழியைத் திருப்பி அழைத்து, அம்மா, அது என் மனைவியுடையது, அவளைப் பாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம்! நாற்பது வருடமாக வாக்கியங்களை வைத்தே பிழைத்தவனுக்கு அந்த ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை. "லேப்ல மாறியிருக்கும். இல்லன்னா மூலமா இருக்கும். நீ போட்டு உழப்பிக்காத" என்றேன். அதற்குள் செய்தி எப்படிப் பரவியதோ, சாயங்காலத்துக்குள் பதினேழு பேர் அழைத்துவிட்டார்கள். "அண்ணே, தைரியமா இருங்க! நீங்க சொல்லித்தான் நாங்க கொடுத்தோம், இப்ப நீங்களே வழிகாட்டறீங்க!" என்கிறார்கள். அந்தப் புகழ்ச்சி இருக்கிறதே, அது இனித்தது ஐயா. கூசாமல் சொல்கிறேன், இனித்தது.

என் மனசுக்குள் நான் போட்ட திட்டத்தைக் கேளுங்கள். நான் போய்ப் படுத்துக்கொள்வேன், கேமரா விடுவார்கள், ஒன்றும் இருக்காது, எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். எல்லாம் ஓய்ந்த பிறகு, சத்தமில்லாமல், புஷ்பாவை வேறொரு கிளினிக்குக்குக் கூட்டிப் போவேன். அதுவரைக்கும் ரத்தம் காத்துக்கொண்டிருக்க வேண்டுமாம், என் வசதிக்காக!

மூன்றாவது நாள் அவள் சோறு வடித்துக்கொண்டே கேட்டாள். "எனக்கும் ஒரு குப்பி வாங்கித் தர்றீங்களா? என் பேர்லயே கொடுத்துடறேன்."

தாய்மார்களே, நான் சொன்ன பதிலைக் கேட்டால் உங்களுக்குச் செருப்பைக் கழற்றத் தோன்றும். கழற்றினால் எறியுங்கள், நான் நகர மாட்டேன். "நீ சும்மா இரு. இப்போ நீயும் போய் நின்னா, என்ன ஏதுன்னு சனங்க கண்டுபிடிச்சிடுவாங்க" என்றேன். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. முப்பத்தைந்து நாள். கேமராவுக்குத் தேதி கிடைக்க முப்பத்தைந்து நாள் ஆனது. அந்த முப்பத்தைந்து நாளும் அவள் எனக்குச் சமைத்துப் போட்டாள், துவைத்துப் போட்டாள், மத்தியானத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த நாளும் வந்தது. முதல் நாளே மருந்துத் தண்ணீர் குடித்துக் குடலைக் கழுவ வேண்டும். அந்தக் கதையை விவரித்தால் சாப்பாட்டுக்கு ஆள் குறையும், விட்டுவிடுகிறேன். மருத்துவர் பெயர் ஜனகா. யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பம், இங்கேயே பிறந்து வளர்ந்த இளம்பெண். தாதி ரிஸ்வானா என்னை இடதுபக்கம் படுக்க வைத்தார். தூங்க ஊசி போடலாமா என்று கேட்டார்கள். நான் என்ன சாமான்ய ஆளா? "வேண்டாம் டாக்டர்! நான் பேச்சாளன். கண்ணால் பார்த்ததை மேடையில் சொல்ல வேண்டும்" என்றேன். டாக்டருக்கு ஒரே சந்தோஷம். "அப்படின்னா ஸ்கிரீனைப் பாருங்க அங்கிள், நான் சொல்லிட்டே வர்றேன்" என்றார்.

பார்த்தேன் ஐயா! என் உள்ளேயே நான் பயணம் போனேன்! ஈரம் மின்னும் இளஞ்சிவப்புக் குகை. வளைந்து வளைந்து போகிறது, மடிந்து மடிந்து திறக்கிறது. சுவரெல்லாம் பளபளவென்று இருக்கிறது. கடைசி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வரும்போதுதான் உன்னிப்பாகப் பார்ப்பார்களாம். பார்த்தார். ஒன்றும் இல்லை. அப்போது அந்தக் கருவியின் பிடியில் ஒரு பொத்தானை அழுத்தினார். சட்டென்று திரையின் நிறமே மாறிப் போனது!

இளஞ்சிவப்பு எங்கே போனது? சிவப்பே எங்கே போனது? பச்சையும் நீலமும் கலந்த வேறொரு உலகம்! அந்த வெளுத்த சுவரில் மெல்லிய மெல்லிய பழுப்புக் கோடுகள், ரத்தக் குழாய்கள், மயிரிழை மயிரிழையாய் எழுந்து நின்றன. நான் வாயைப் பிளந்தேன். "என்ன டாக்டர் இது?" என்று கேட்டேன்.

"வெளிச்சத்தை வடிகட்டறோம் அங்கிள். சிவப்பை விட்டுட்டு நீலமும் பச்சையும் மட்டும் உள்ள அனுப்பறோம். அந்த ரெண்டையும் ரத்தம் உறிஞ்சிக்கும். அதனால ரத்தக்குழாய் மட்டும் கருத்துத் தெரியும். கெட்ட கட்டி இருந்தா அங்க குழாயெல்லாம் ஒழுங்கு கெட்டு, தாறுமாறா ஓடும். சும்மா வெளிச்சத்துல தட்டையா, தோல் நிறத்துலயே ஒளிஞ்சிருக்கறது இதுல மாட்டிக்கும்."

தே தாரிக் கடையில் தேநீரைத் துணியில் வடிகட்டுவார்களே, அந்த மாதிரி வெளிச்சத்தையே வடிகட்டுகிறார்கள்! ரத்தத்தைக் கண்டுபிடிக்க ரத்தத்தின் நிறத்தையே விலக்கி வைக்கிறார்கள்! எவ்வளவு அறிவு, எவ்வளவு உழைப்பு! எத்தனை பேர் எத்தனை வருடம் கண் விழித்து இந்த வெளிச்சத்தை உண்டாக்கியிருப்பார்கள்! அந்த வெளிச்சத்தை ஏந்திக்கொண்டு அந்தப் பெண் எங்கே தேடிக்கொண்டிருக்கிறார்? இல்லாத இடத்தில்! என்னிடத்தில்!

அவர் விடவில்லை. ஒரு மடிப்பை விலக்கிப் பார்த்தார். தண்ணீர் பீய்ச்சிக் கழுவிப் பார்த்தார். மறுபடியும் உள்ளே கடைசி வரை போனார். வெள்ளை வெளிச்சம், நீல வெளிச்சம், வெள்ளை, நீலம். நெற்றி வியர்த்துவிட்டது. ரிஸ்வானா மெதுவாக, "டாக்டர், வெளியே இன்னும் நாலு பேர் வெயிட் பண்றாங்க" என்றார். "பண்ணட்டும். ரிப்போர்ட்ல ரத்தம்னு இருக்கு. அது எங்கேர்ந்து வருதுன்னு பார்க்காம நான் இவரை எப்படி வீட்டுக்கு அனுப்புவேன்?" என்றார் டாக்டர். என்னிடம் குனிந்து, "மன்னிச்சிருங்க அங்கிள், இன்னொரு தடவை போறேன். கொஞ்சம் வலிக்கும். என் கண்ணுலதான் படாம இருக்கு போல" என்றார்.

என்னிடம் மன்னிப்பு! அந்தப் பிள்ளை என்னிடம் மன்னிப்புக் கேட்கிறது! தன் கண்ணில் கோளாறு என்று நினைத்துத் தவிக்கிறது! நான் அங்கே கட்டை மாதிரிப் படுத்துக்கொண்டு, என் சுத்தமான குடலைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"தேடாதீங்க டாக்டர். அது என்னோடது இல்ல."

டாக்டரின் கை அப்படியே நின்றது. "என்ன சொன்னீங்க?"

"அந்த ரத்தம் என்னோடது இல்ல. என் வீட்டுக்காரியோடது. விரதத்துல இருந்தேன். அவளை எடுத்துப் போடச் சொன்னேன்."

ரிஸ்வானா கையில் வைத்திருந்த துணியால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அவங்க இப்ப எங்கே இருக்காங்க?"

"வெளிய. என் சட்டையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா."

"உங்களுக்கு இது எத்தனை நாளாத் தெரியும்?"

"முப்பத்தஞ்சு நாளா."

டாக்டர் கருவியை மெல்ல வெளியே எடுத்தார். கையுறையைக் கழற்றினார். என் முகத்தை நேராகப் பார்த்து, "அங்கிள், நீங்க எழுந்து டிரெஸ் மாத்திக்கிட்டுப் போங்க. எனக்கு உங்க மேல ரொம்பக் கோவம் வருது. நான் ஏதாவது சொல்லிடுவேன்" என்றார். அறுபத்து மூன்று வயதில், பின்பக்கம் திறந்த ஆஸ்பத்திரி அங்கியோடு, ஒரு சின்னப் பெண்ணுக்கு முன்னால் கூனிக் குறுகி நின்றேன்.

அவர் காத்திருக்கவில்லை. அன்றைக்கே புஷ்பாவின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். பாதி ரத்தம் கூட இல்லை உடம்பில். நான்காவது நாள், அதே கட்டில், அதே கருவி, அதே டாக்டர். நான் வெளியே அவள் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடித்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

முதல் படம் வெள்ளை வெளிச்சத்தில் எடுத்தது. வலதுபக்கக் குடல். இளஞ்சிவப்புச் சுவர், லேசாக ஒரு மேடு, அவ்வளவுதான். "எங்கே இருக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றார். எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது படத்தைத் தொட்டார். அதே இடம், வடிகட்டிய வெளிச்சத்தில். ஐயோ! ஐம்பது காசு நாணயம் அளவுக்கு ஒரு கரும்பழுப்புத் திட்டு! உள்ளே குழாய்கள் அறுந்தும் முறுக்கியும் கலைந்தும் கிடந்தன. நடுவில் ஒரு இடத்தில் குழாயே இல்லை, சூனியமாக இருந்தது. "அந்த நடு இடம்தான் எனக்குப் பயமா இருக்கு. மேலோட்டமா இருந்தா நானே இந்தக் கருவியை விட்டே எடுத்திருப்பேன். இது ஆழமாப் போயிடுச்சு. ஆபரேஷன்தான்" என்றார். புஷ்பா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "சரிங்க டாக்டர்" என்றாள். எனக்குச் சரிங்க என்று சொல்வாளே, அதே குரலில்.

நான் கேட்டேன். "டாக்டர், அந்த முப்பத்தஞ்சு நாள் முன்னாடி வந்திருந்தா?"

அவர் பொய் சொல்லவில்லை. "தெரியாது அங்கிள். ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு உங்களைத் தேத்தவும் என்னால முடியாது. அதனாலதான்னு பழி போடவும் முடியாது. தெரியாது."

அந்தத் தெரியாதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. அறுத்தார்கள், ஒரு சாண் குடலை எடுத்தார்கள். சுற்றியிருந்த நெறிக்கட்டிகளில் இரண்டில் நோய் இருந்தது. பன்னிரண்டு தடவை மருந்து ஏற்ற வேண்டும். நான்கு முடிந்திருக்கிறது. எட்டு இருக்கிறது. அதற்குப் பிறகுதான் எதையும் சொல்ல முடியும் என்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஏற்றிக்கொண்டு வந்து மூன்று நாள் வாந்தி எடுக்கிறாள். நான் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இப்போது இந்தக் கைக்கு எந்தத் தீட்டும் இல்லை பாருங்கள்!

முருகன் கேட்டானா ஐயா? உன் மனைவியின் உயிரை வைத்து என் விரதத்தைக் காப்பாற்று என்று பத்துமலையான் கேட்டானா? அவன் மேல் ஏன் பழி போட வேண்டும்? விரதம் முடிந்து மாலையைக் கழற்றிய பிறகும் முப்பத்தைந்து நாள் வாய் திறக்காமல் இருந்தேனே, அதற்கு எந்தச் சாமி காரணம்? மானம், மரியாதை, மேடை, மாலை! இந்த நாலும்தான் காரணம்.

போன வாரம் புஷ்பாவிடம் கேட்டேன், மன்றத்தில் சொல்லிவிடட்டுமா என்று. "சொல்லுங்க. ஆனா என்னைப் பாவம் பாவம்னு சொல்லி எல்லாரையும் அழ வைக்காதீங்க. அதுக்காக ஒண்ணும் நீங்க சொல்ல வேணாம். நீங்க அன்னைக்குக் குப்பியைக் கொடுக்கறப்ப நானும் கூட வந்தேன்ல, வரிசையில நின்ன பொம்பளைங்க முகத்தைப் பார்த்தேன். நான் மட்டும் இல்லன்னு தோணுச்சு" என்றாள்.

நான் மட்டும் இல்லை என்றாளே! யோசித்துப் பாருங்கள். அறுபத்து நான்கு குப்பிகள். வீட்டுக்கு ஒன்று என்று சொன்னவன் நான். தைப்பூச நேரம், பாதிப் பேர் விரதம். விரதம் இல்லாதவர்களுக்குக் கூச்சம். மூன்றில் ரத்தம். மற்ற அறுபத்தொரு வீட்டுக்கும் "ஒன்றுமில்லை" என்று கடிதம் போனது. அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறீர்களே, அது யாருடைய குடலைப் பற்றிய கடிதம்? உங்கள் மனைவி நிரப்பிக் கொடுத்திருந்தால் அவருக்கு ஒன்றுமில்லை, நல்லது. உங்களுக்கு? உங்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்? அந்த டாக்டரின் வடிகட்டிய வெளிச்சம் ஒளிந்திருப்பதையெல்லாம் காட்டும் ஐயா, ஆனால் சரியான ஆள் போய்க் கட்டிலில் படுத்தால்தானே காட்டும்!

ஆகவே கேட்கிறேன். தலைவர் அம்மா மன்னிக்க வேண்டும், நிகழ்ச்சி நிரலில் இது இல்லை. ஆண்களை நான் கேட்கவில்லை. நீங்கள் சொல்ல மாட்டீர்கள், எனக்கு உங்களைத் தெரியும், நானும் உங்களில் ஒருவன். தாய்மார்களைக் கேட்கிறேன். கணவர் பெயர் ஒட்டிய குப்பியில் உங்களுடையதைப் போட்டுக் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து கையைத் தூக்குங்கள்.

யாரும் இல்லையா?

நல்லது. இல்லை என்றால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறு இல்லை. நான் ஒருவன்தான் பாவி என்று...

மூன்றாவது வரிசையில் ஒரு கை. அது புஷ்பா. என் மனைவி. எல்லோரும் திரும்பிப் பார்க்காதீர்கள், அவளுக்குப் பிடிக்காது.

அதோ, அந்தத் தூணுக்குப் பக்கத்தில் ஒரு கை. சீதாலெட்சுமி அக்கா, நீங்களுமா? கடவுளே. பின்னால் பச்சைப் புடவை, அங்கே ஒன்று. வாசல் பக்கம் இரண்டு. நாற்காலியை விட்டு எழுந்தே நிற்கிறீர்களா அம்மா? ஏழு. எட்டு. தம்பி செல்வகுமார், மைக்கை வாங்காதே, இரு. பதினொன்று. பதினொன்றா? பதினான்கு. ஐயையோ... தலைவர் அம்மா, நீங்களே எண்ணுங்கள், எனக்குக் கண்ணை மறைக்கிறது.

பத்தொன்பது என்கிறார் தலைவர்.

பத்தொன்பது வீடு! என் வீடு போகப் பதினெட்டு ஆண்கள் எந்தச் சோதனையும் செய்யாமல் சுத்தம் என்ற கடிதத்தோடு நடமாடுகிறீர்கள்! என் பேச்சைக் கேட்டு, என் அறிவிப்பைக் கேட்டு! வாசலில் மலர்விழி மேசை போட்டுக் காத்திருக்கிறார். இன்றைக்குக் குப்பிகள் நிறைய இருக்கின்றன. ஆளுக்கு ஒன்று. கேட்டீர்களா, ஆளுக்கு ஒன்று! கணவனுக்குத் தனி, மனைவிக்குத் தனி. வாங்காமல் யாரும் சாப்பாட்டுக்குப் போகக் கூடாது.

கை தூக்கிய தாய்மார்களே, கொஞ்ச நேரம் கையை இறக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இன்னும் உங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பார்க்கட்டும்.

பொறுமையோடு கேட்ட அவைக்கும், என்னை நடுவில் நிறுத்தாத தலைவருக்கும் என் நன்றி. எல்லோருக்கும் வணக்கம். புஷ்பா, நீ மட்டும் கையை இறக்கிக்கம்மா. அந்தக் கையில மருந்து ஏத்தின வீக்கம் இன்னும் வடியல. இரு, நான் கீழே வர்றேன்.